சுவடி தேடிப் பல்கலைக்கழக ஆவணகத்துக்குச் செல்வோருக்கு: கொங்கு நாட்டு ஆர்வலர்க்கான வழிகாட்டி

கொங்கு நாட்டில் தம் ஊரைப் பற்றியோ, குலத்தைப் பற்றியோ, கோயிலைப் பற்றியோ எழுத உட்காரும் எவரும் சில மாதங்களிலேயே ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடுகிறார்கள். கைக்குக் கிடைத்த அச்சு நூல்களை எல்லாம் படித்தாயிற்று. அவற்றில் பல ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பதும் தெரிந்துவிட்டது. இனி மூலத்தையே பார்த்தாக வேண்டும். அந்த மூலம் ஓலைச்சுவடியாகவோ, கையெழுத்துப் படியாகவோ, செப்பேடாகவோ, நூறாண்டுக்கு முந்தைய அச்சு நூலாகவோ ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணகத்தில் இருக்கும். அங்கே முதன்முறையாகப் போகும் ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும், ஓய்வுபெற்ற பின் ஊர் வரலாற்றில் இறங்கியிருக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆவணகத்தில் நூலகத்தைப் போல அடுக்குகளுக்கிடையே நடந்து, கண்ணில் பட்டதை எடுத்துப் புரட்ட முடியாது. பொருள்கள் பூட்டிய அறையில் இருக்கும்; நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கு உரியது மட்டுமே உங்கள் மேசைக்கு வரும். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், வேலையில் சரிபாதி வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதல் படி: தேடுவது என்னவென்று எழுதிக்கொள்ளுங்கள்

"காங்கேயம் மாடுகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், எவ்வளவு நல்ல காப்பாளரும் கையை விரிப்பார். "மாட்டு வாகடச் (மருத்துவச்) சுவடிகள் எவை உள்ளன, அவற்றில் கோவை, ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் திரட்டப்பட்டவை எவை?" என்று கேட்டால் அவருக்குத் தேட ஒரு முனை கிடைக்கிறது. ஆகவே ஒரு தாளில் மூன்றைத் தனித்தனியே எழுதுங்கள்: எவ்வகைப் பொருள் (வாகடம், சோதிடம், தலபுராணம், கணக்கு, பட்டயம், கதைப்பாடல்), எந்த ஊர் அல்லது வட்டாரம், ஏறத்தாழ எந்தக் காலம். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் போகலாம். இரண்டு தெரியாவிட்டால் இன்னும் சில நாள் உள்ளூர் நூலகத்திலேயே உட்காருவது நல்லது.

ஊர்ப் பெயரில்தான் நம்மவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். பழைய பட்டயங்களும் கல்வெட்டுகளும் மாவட்டத்தையோ வட்டத்தையோ சொல்வதில்லை, நாடு என்னும் பழைய வட்டாரப் பிரிவைச் சொல்கின்றன. கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகச் சொல்லும் மரபு உண்டு. பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொங்கலூர் நாடு, ஆறை நாடு, குறுப்பு நாடு, தென்கரை நாடு, அரைய நாடு, வாழவந்தி நாடு என நீளும் அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் எதில் அடங்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூந்துறை நாடு காவிரியின் இரு கரைகளிலும் பரந்து, மேல்கரைப் பூந்துறை நாடு, கீழ்கரைப் பூந்துறை நாடு என்று வழங்கியது; ஈரோட்டுக்காரர் மேல்கரையிலும், திருச்செங்கோட்டுக்காரர் கீழ்கரையிலும் தேட வேண்டும். நாடுகளின் பட்டியல் நூலுக்கு நூல் சற்றே வேறுபடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளைத் தேடுவோர் மாவட்ட எல்லைகள் மாறிய கதையையும் அறிந்திருக்க வேண்டும். 1799இல் திப்பு வீழ்ந்தபின் இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. பவானியையும் தாராபுரத்தையும் தலைமையிடங்களாகக் கொண்டிருந்த இரு பிரிவுகள் 1804இல் ஒன்றாக்கப்பட்டுக் கோயம்புத்தூர் மாவட்டம் ஆயின. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, பின் திருச்சிராப்பள்ளிக்குப் போயிற்று. இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஈரோடு 1979இலும், திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்களாயின. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1890ஆம் ஆண்டுக் கரூர்ப் பதிவைத் தேடுபவர் திருச்சித் தலைப்பின் கீழ் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அது கோயம்புத்தூர்த் தலைப்பின் கீழ் இருக்கும்.

இரண்டாம் படி: எங்கே இருக்கக்கூடும் என்று பாருங்கள்

கொங்குச் சுவடிகள் கொங்கிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த காலின் மெக்கன்சி, 1821இல் இறக்கும்வரை தம் உதவியாளர்களைக் கொண்டு தென்னாடெங்கும் சுவடிகளும், ஊர் வரலாறுகளும், கல்வெட்டுப் படிகளும் திரட்டினார். அந்தத் திரட்டு பிற்பாடு இலண்டனுக்கும், கல்கத்தாவுக்கும், சென்னைக்குமாகப் பிரிந்தது. சென்னைப் பங்கு 1869இல் தொடங்கப்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. கொங்கு வரலாற்றுக்கு அடிப்படையாகக் கருதப்படும் கொங்குதேச ராசாக்கள் சரித்திரம் இத்திரட்டின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது. கோவைகிழார் என்று அறியப்பட்ட கோவை வழக்கறிஞர் சி.எம். இராமச்சந்திரஞ் செட்டியார் அதைப் பதிப்பித்து 1950இல் வெளியிட்டார்.

பல்கலைக்கழகங்களில் நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். அங்கே ஓலைச்சுவடிக்கு ஒரு துறையும், தாளில் எழுதப்பட்ட அரிய கையெழுத்துச் சுவடிகளுக்குத் தனியே ஒரு துறையும் உண்டு. ஈரோட்டைச் சேர்ந்த புலவர் செ. இராசு அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக் கொங்குப் பட்டயங்களையும் ஏடுகளையும் திரட்டிப் பதிப்பித்தவர் என்பதால், நமக்கு அது ஒருவகையில் சொந்த வீடு. நொய்யல் கரையில் சென்னிமலையை அடுத்துள்ள கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்விலும் அப்பல்கலைக்கழகம் பங்கு கொண்டது.

கடல் கடந்தும் நம் பொருள் இருக்கிறது. 1960களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக் அம்மையாரின் திரட்டு, கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் இருக்கிறது. இத்தகைய திரட்டுகளுக்காக விமானம் ஏற வேண்டியதில்லை. இணையத்தில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மற்றதை மின்னஞ்சலில் கேட்டால் போதும். உள்நாட்டிலும், பயணச்சீட்டு எடுக்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் தேடிவிடுங்கள். அச்சு நூல்களில் கணிசமான பகுதி அங்கே ஏறிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடியதற்காகத் தஞ்சைக்குப் போய் வருவது வீண் அலைச்சல்.

மூன்றாம் படி: அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சுவடிகளுக்கு இருவகை அட்டவணைகள் உண்டு. ஒன்று, எண்ணையும் தலைப்பையும் மட்டும் தரும் பெயர்ப்பட்டியல். மற்றொன்று விளக்க அட்டவணை. இதுதான் உங்களுக்குத் தோழன். சுவடியின் நீள அகலம், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரி, முழுமையா குறையா, ஏட்டின் நிலை, தொடக்க வரி, இறுதி வரி, எழுதியவர் பெயர், எழுதி முடித்த நாள் ஆகியவற்றை அது தரும். தொடக்க வரியும் இறுதி வரியும் வீணுக்குத் தருவன அல்ல. கையிலுள்ள அச்சு நூலின் முதற்பாடலோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், அச்சான நூலே சுவடியில் இருக்கிறதா, வேறொன்றா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தலைப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் கொங்கிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கொங்கு மண்டல சதகம் என்ற பெயரில் கார்மேகக் கவிஞர் பாடியது ஒன்று, வாலசுந்தரக் கவிஞர் பாடியது ஒன்று, கம்பநாத சாமிகள் பாடியது ஒன்று. நூற்பெயரை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, வந்ததைப் படியெடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர், தாம் எடுத்தது யார் பாடியது என்று வீட்டில் உட்கார்ந்து விழிக்க நேரிடும். எனவே சுவடி எண், ஆசிரியர், முதல் வரி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு கேளுங்கள்.

ஒரே கட்டில் பல நூல்கள் இருப்பதும் சாதாரணம். சோதிட ஏடு என்று பதியப்பட்ட கட்டின் கடைசியில் பத்து ஏடுகள் கடன் கணக்காக இருக்கலாம். வைத்திய ஏட்டின் நடுவே ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஒன்று எழுதப்பட்டிருக்கலாம். வீட்டிலிருந்த வெற்றேடுகளை வீணாக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். சமூக வரலாறு தேடுவோருக்கு இவ்வாறு இடையில் புகுந்த பகுதிகள்தாம் மிகவும் பயன்படுபவை என்பது என் கருத்து; ஆனால் பழைய அட்டவணைகள் பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. "பல்வகை", "தனிப்பாடல்கள்", "பெயர் தெரியாதது" என்ற தலைப்புகளின் கீழும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: கடிதம் எழுதுங்கள், பிறகு புறப்படுங்கள்

துறைத் தலைவருக்கோ காப்பாளருக்கோ இரண்டு வாரமாவது முன்னதாக எழுதிவிடுங்கள். நீங்கள் யார், எதற்காகப் பார்க்கிறீர்கள், எந்தெந்தச் சுவடி எண்கள் வேண்டும், எந்த நாள்களில் வர இயலும் என்பவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மாணவர்கள் நெறியாளரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்ல வேண்டும். எந்த நிறுவனத்தையும் சாராதவர்கள் தயங்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கல்லூரித் தமிழ்த்துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஒருவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டால் போதும், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆதார் நகல், இரண்டு நிழற்படம், பென்சில்கள், கோடிடாத குறிப்பேடு, சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைக்குப் போகிறவர்கள் காலை ரயிலில் ஏறினால் போய்ச் சேரவே நண்பகல் ஆகிவிடும். அன்றைய வேலை கெட்டதாகவே கொள்ளலாம். முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. உள்ளூர் விடுமுறைகளையும், பல்கலைக்கழகத் தேர்வு, பட்டமளிப்பு நாள்களையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மேசையில் சுவடி வந்தபின்

பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். ஏட்டுக்கும் தாளுக்கும் சுத்தமான வெறுங்கையே ஏற்றது. உறை போட்ட விரலுக்கு விளிம்பின் நொறுங்கும் தன்மை தெரியாது. நிழற்படங்களுக்கும், உலோகப் பொருள்களுக்கும் மட்டும் கையுறை வேண்டும். விரலின் உப்பும் எண்ணெயும் அவற்றைக் கெடுக்கும்.

துணியை அவிழ்த்தால் மேலும் கீழுமாக இரண்டு மரச்சட்டங்கள், அவற்றுக்கிடையே ஏடுகள், அனைத்தையும் சுற்றிய கயிறு. ஏடுகளில் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் கயிறு ஓடும். மற்றொன்றில் ஏடுகள் நகராமலிருக்க நாராசம் என்னும் குச்சியோ கம்பியோ செருகியிருப்பார்கள். கயிற்றின் நுனியில் கிளிமூக்கு என்று சொல்லப்படும் ஓலைத் துண்டு முடிச்சாக நிற்கும். முதலில் நாராசத்தை நேராக மேல்நோக்கி எடுத்து, மேசை ஓரத்தில் உருண்டு போகாத இடத்தில் வையுங்கள். பிறகு கயிற்றைத் தளர்த்தி, ஏட்டின் இரு முனைகளையும் இரு கைகளால் தாங்கி, ஒவ்வொன்றாகக் கயிற்றின் வழியே நகர்த்திக் கவிழ்க்க வேண்டும். ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கினால் துளையைச் சுற்றிக் கீறல் விழும். நீங்கள் பார்க்கும் சுவடியிலேயே அத்தகைய கீறல்கள் துளையிலிருந்து விளிம்பு வரை ஓடியிருப்பதைக் காணலாம். இரண்டு ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தை நுழைக்காதீர்கள், காப்பாளரை அழையுங்கள். ஏடு வரிசை தவறியிருப்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் திருத்தி அடுக்காதீர்கள், குறித்துக் கொடுங்கள். அந்தத் தவறான வரிசையை வைத்துத்தான் வேறொருவர் பக்க எண் குறித்திருப்பார்.

ஆறாம் படி: ஏட்டைப் படிப்பது

பலர் சோர்ந்து திரும்புவது இந்த இடத்தில்தான்; எனவே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தானாகக் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியோடு இலைச்சாறு கலந்த மையைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து துலங்கும். அந்த மை மங்கிய ஏட்டை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் வெற்றோலையாகத்தான் தோன்றும். கைவிளக்கை ஏட்டின் தளத்துக்குச் சாய்வாக, ஏறத்தாழப் படுக்கை வாட்டில் ஒரு பக்கத்திலிருந்து பிடித்தால் கீறல்களின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மை தடவித் துலக்குவது காப்பாளரின் வேலை. நீங்கள் செய்யக் கூடாது.

எழுத்து தெரிந்தபின் அடுத்த தடை எழுதும் முறை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, பாட்டும் உரையும் ஒரே ஓட்டமாகப் போகும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் பொத்துப் போகும். ஆகவே பல என்று எழுதியிருப்பது பல்லாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். ஏரி மதகைப் பற்றிய ஆவணம் எரி மதகு என்றுதான் எழுதப்பட்டிருக்கும். கொடு என்பதும் கோடு என்பதும் ஒரே தோற்றத்தில் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டிருப்பதால், மரம் என்ற சொல்லை மாம் என்று படித்துவிட்டு வரி முழுக்கக் குழம்பும் புதியவர்கள் உண்டு. ரகர றகரங்களும், னகர ணகரங்களும் எழுதியவரின் காதுக்கேற்ப இடம் மாறியிருக்கும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நூல் ஒன்றின் சுவடியை முதலில் கேட்டு வாங்குங்கள். கொன்றைவேந்தன், திருக்குறள், நன்னூல் எதுவானாலும் சரி. நன்னூல் செய்த பவணந்தி நம் சீனாபுரத்துக்காரர் என்று மரபு சொல்வதால் கொங்குக்காரர்களுக்கு அது பொருத்தமும் கூட. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த நூலைப் படிக்கும்போது கண், எழுத்தின் வடிவத்துக்கு விரைவில் பழகிவிடும். ஒரு முழுநாள் இதற்காகச் செலவழிந்தாலும் பரவாயில்லை. மறுநாள் தெரியாத நூலில் இருமடங்கு வேகம் கிடைக்கும். படியெடுக்கும்போது ஏட்டில் உள்ளபடியே முதலில் எழுதுங்கள். புள்ளியிட்டும் சொல் பிரித்தும் திருத்திய வடிவத்தை எதிர்ப்பக்கத்தில் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், உங்கள் ஊகம் எது, ஏட்டில் உள்ளது எது என்று பிறகு உங்களுக்கே தெரியாமல் போகும்.

கணக்கு ஏடுகளுக்குத் தமிழ் எண்களும் பின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸ என்ற குறிகளை ஒரு சீட்டில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதிக் கணக்குகளில் வள்ளம் என்று வந்தால், அது தானிய அளவா நிலப் பரப்பா என்பதை முன்பின் வரிகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: ஆண்டைக் கணித்தல்

ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த நாள் பெரும்பாலும் அறுபதாண்டுச் சுழற்சியில்தான் இருக்கும். தாது வருடம் என்று இருந்தால் அது 1816ஆகவோ, 1876ஆகவோ, 1936ஆகவோ இருக்கலாம். கொங்கு நாட்டார் இன்றும் சொல்லும் தாது வருடப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. இந்த மூன்றில் எது என்று முடிவு செய்ய உடன் வரும் வேறு குறிப்புகள் உதவும். கலியாண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழியுங்கள்; சக ஆண்டு இருந்தால் 78ஐக் கூட்டுங்கள்; வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டுங்கள். கலி 4977, சகம் 1798, பசலி 1286 ஆகிய மூன்றும் 1876இல் வந்து சேர்வதைப் போட்டுப் பாருங்கள். நடப்பு ஆண்டைச் சொல்வதா, கழிந்த ஆண்டைச் சொல்வதா என்பதில் எழுதியவர்களிடையே வேறுபாடு இருப்பதால் ஓராண்டு முன்பின் வரலாம்.

தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதையும், பசலி சூலையில் தொடங்குவதையும் மறக்க வேண்டாம். தாது வருடம் தை மாதம் என்றால் அது 1877 சனவரி. குடும்ப மரம் எழுதுகிறவர்களின் பட்டியல்களில் மகன் பிறந்த பின் தந்தைக்குத் திருமணம் நடந்ததாக வருவது பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழையால்தான்.

எட்டாம் படி: அச்சு நூலும் அரும்பொருளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் தாள் அமிலத்தால் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். நூலை முழுவதும் விரித்து அழுத்தாதீர்கள். பஞ்சுத் தாங்கியில் வைத்துப் பாதி விரிந்த நிலையில் படியுங்கள். தலைப்புப் பக்கத்தை முழுமையாகப் படியெடுங்கள். பார்வையிட்ட புலவர், பொருள் உதவியவர், அச்சுக்கூடம், விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். இறுதியில் கையொப்பக்காரர் பட்டியல் இருந்தால் அதையும் விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்பணம் கட்டி நூல் வாங்கியது அதில் தெரியவரலாம்.

செப்பேடு, காசு, கல்மணி, பானை ஓடு போன்றவற்றில் பொருளைவிடப் பதிவேடு முக்கியம். எந்த ஊரில், எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், யாரிடமிருந்து கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத மணி வெறும் மணிதான். கொடுமணல் மணிகளுக்கு இன்றுள்ள மதிப்பு, அவை கிடைத்த மண்ணடுக்கைப் பதிந்து வைத்ததால் வந்தது. ஆகவே பொருளைப் பார்க்கக் கேட்கும்போதே அதன் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: படம், உரிமை, குறிப்பு

படம் எடுக்க எழுத்து மூலம் அனுமதியும் கட்டணமும் உண்டு. பளிச்சிடும் விளக்குக்கு அனுமதி இல்லை. ஓலையை நகலெடுக்கும் பொறியில் வைக்கவே கூடாது. ஒவ்வொரு படத்திலும் சுவடி எண் எழுதிய சீட்டும் ஓர் அளவுகோலும் விழுமாறு எடுங்கள். இந்தியாவில் ஓர் ஆசிரியரின் படைப்புரிமை அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு நீடிக்கிறது. உரிமை தீர்ந்த நூலாக இருந்தாலும், ஆவணகத்தின் படத்தை நூலில் அச்சிட அவர்களிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். நிறுவனம், துறை, சுவடி எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா என்பது வரை அன்றன்றே குறித்துவிடுங்கள்.

பத்தாம் படி: உங்கள் வீட்டிலேயே ஏடு இருந்தால்

ஆவணகத்துக்குப் போய் வருகிறவர்களிடம் உறவினர்கள் அட்டாலியிலிருந்து ஏட்டுக்கட்டுகளைக் கொண்டுவந்து நீட்டத் தொடங்குவார்கள். ஆடிப் பதினெட்டு அன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தால் பவானியிலும் காவிரியிலும் போனவை போக எஞ்சியவை இவை. தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவாதீர்கள். எண்ணெயில் தூசி படிந்து ஏடு கெடும். சுவடித் துறைகளில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பயன்படுத்துவதைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். அவர்கள் துலக்கிய பின் அளவாகச் செய்வது அது. வெயிலில் காயவைக்காதீர்கள், ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள், பிரித்து அடுக்காதீர்கள். சலவைப் பசையில்லாத பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத அலமாரியில் வசம்போடு வைத்துவிட்டு, யார் வீட்டில், யார் வழியாக வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புடைய சுவடி 75 ஆண்டுக்கு மேற்பட்டதானால் தொல்பொருளாகவே கருதப்படும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தோட்டத்தில் உழும்போது காசுக் குடமோ செப்பேடோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க விரும்பினால் மூன்று வழிகள் உள்ளன: முழுவதுமாக நன்கொடையாகக் கொடுப்பது, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாக்க மட்டும் ஒப்படைப்பது, மின்படம் எடுத்துக்கொள்ளச் செய்து மூலத்தைத் திரும்பப் பெறுவது. பங்காளிகள் பலருக்கும் பாத்தியப்பட்ட ஏடாக இருந்தால் எல்லாரிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே பேசுங்கள். பாதியில் ஒருவர் மறுத்தால் ஏடு மறுபடியும் அட்டாலிக்குத்தான் போகும். எந்த வழியானாலும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு, குடும்பப் பெயர் பதிவேட்டில் இடம்பெறுமா, மின்படி ஒன்று உங்களுக்குக் கிடைக்குமா என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சேர்க்கை எண் இட்ட ஒப்புகைச் சீட்டு சில வாரங்களில் தபாலில் வரும். வராவிட்டால் கேட்டு வாங்கி, நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.